ஏழு வாயில்களில் எதை இழப்பது? வயதுவந்தோர் விஷுவல் நாவல்களில் பழந்தெய்வக் கதைகள்

விஷுவல் நாவல் என்பது படங்களோடு வாசித்து, இடையிடையே தெரிவு செய்து நகரும் கணினி விளையாட்டு. பெண்தெய்வம் நாயகியாக வரும் வயதுவந்தோர் விஷுவல் நாவல்கள் பலவும் ஒரே இடத்தில் இடறுகின்றன. தெய்வத்துக்குப் பழைய பெயர் ஒன்று இருக்கும், காலடியில் சிங்கம் படுத்திருக்கும், பின்னணியில் தூண்கள் நிற்கும். உள்ளே ஓடும் கணக்கு மட்டும் கல்லூரிக் காதல் கதைக்கு எழுதிய அதே கணக்கு. இனிமையாகப் பேசினால் அன்புப் புள்ளி ஒன்று கூடும், பத்துப் புள்ளி சேர்ந்தால் படுக்கையறைக் காட்சி திறக்கும். பழங்கதைகளில் எந்தத் தெய்வமும் புள்ளிக்கு மயங்குவதில்லை. அவள் ஒரு விதி சொல்கிறாள், ஒரு விலை கேட்கிறாள், விதியை மீறியவனிடம் விலையை வாங்கியே தீர்கிறாள். கதையின் எலும்புக்கூடு அதுதான். அதை எடுக்காமல் பெயரையும் நகையையும் மட்டும் எடுத்தால், தெய்வ வேடம் போட்ட சாதாரண நாயகிதான் கிடைப்பாள்.

விஷுவல் நாவலின் வடிவம் இந்தக் கதைகளுக்கு நன்றாகப் பொருந்தும் என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். தெரிவு, திரும்பிப் போதல், மூடிய பாதை, ஒரே நிகழ்வின் பல வடிவங்கள் ஆகியவை புராணத்திலும் உண்டு, இந்த வகை விளையாட்டிலும் உண்டு. 2004-இல் டைப்-மூன் வெளியிட்ட ‘ஃபேட்/ஸ்டே நைட்’ இதை நன்றாகக் காட்டியது. முதலில் வயதுவந்தோருக்கான கணினி விளையாட்டாக வந்து, 2007-இல் பாலியல் காட்சிகள் நீக்கப்பட்ட வடிவில் பிளேஸ்டேஷன் 2-க்குப் போனது. மூன்று பாதைகள், அவற்றைத் திறக்கும் வரிசையும் மாறாதது. கிரேக்கப் புராணத்தின் மெதூசாவும் மெதேயாவும் அதில் வருகிறார்கள், ஒரு பாதையில் எதிரியாகத் தோன்றுபவர் இன்னொன்றில் வேறு ஆளாகத் தெரிகிறார். கிரேக்கக் கதைகளிலேயே மெதூசா அப்படித்தான். பழங்கிரேக்கக் கவி ஹெசியோத் அவளைப் பிறவியிலேயே கோர்கோன் எனப்படும் கொடிய உருவச் சகோதரிகளில் ஒருத்தியாக வைக்கிறார், அவர்களில் சாவுள்ளவள் அவள் மட்டும். பல நூற்றாண்டுகள் கழித்து ரோமானியக் கவி ஓவித், அழகியாக இருந்தவள் கோயிலில் வன்முறைக்கு ஆளாகி அதற்காகத் தண்டனையும் பெற்றதாகச் சொல்கிறார். ஒரே பெயர், இரண்டு பாதைகள்.

இனான்னாவின் இறக்கம்

விதியும் விலையும் மிகத் தெளிவாக இருக்கும் கதை, இன்றைய ஈராக்கின் தெற்கில் வாழ்ந்த பண்டைய சுமேரியர்களுடையது. உருக் நகரின் தெய்வமான இனான்னா, தன் அக்கா எரெஷ்கிகல் ஆளும் பாதாளத்துக்கு இறங்குகிறாள். சுமார் 400 வரிகள் கொண்ட பாடல் அது. பிற்கால அக்காதிய வடிவத்தில் அவள் பெயர் இஷ்தார், பாடலும் ஏறத்தாழ 140 வரிகளாகச் சுருங்கிவிடுகிறது.

பாதாளத்துக்கு ஏழு வாயில்கள். வாயிலுக்கு ஒன்றாக அவளிடமிருந்து ஏதோ ஒன்று பறிக்கப்படுகிறது. சுமேரிய வடிவத்தில் வரிசை இது: தலையணி, கழுத்தின் நீலக்கல் மணிகள், மார்பின் முட்டை வடிவ இரட்டை மணிகள், மார்புக்கவசம், கையின் பொன் வளையம், நீலக்கல் அளவுகோலும் அளவுக்கயிறும், கடைசியாக அரசி ஆடை. ஒவ்வொரு முறையும் அவள் “இது என்ன?” என்று கேட்கிறாள். பாதாளத்தின் நெறி நிறைவேறுகிறது, அதற்கு எதிராக வாய் திறக்காதே என்ற ஒரே பதில்தான் ஏழு முறையும் வருகிறது. ஏழாவது வாயிலைக் கடந்து அக்காவின் முன் நிற்கும்போது அவளிடம் அதிகாரத்தின் சின்னம் ஒன்றுகூட மிச்சமில்லை. தீர்ப்பு வந்ததும் பிணமாகிக் கொக்கியில் தொங்குகிறாள்.

இந்தக் கதையை எடுக்கும் விளையாட்டுகளில் பெரும்பாலும் நடக்கும் பிழை, ஏழாவது வாயிலைப் பரிசுப் படமாக்குவது. ஆடை போய்விட்டதல்லவா, முழுப் பக்கப் படம் ஒன்று போடலாம் என்று தோன்றிவிடுகிறது. பாடலில் அந்த அம்மணம் இன்பத்துக்கானதே இல்லை, சாவுக்கு ஒரு படி முந்தைய நிலை அது. காமக் காட்சி வேண்டுமென்றால் சுமேரிய இலக்கியத்திலேயே வேறு இடம் இருக்கிறது. இனான்னாவும் அவள் கணவன் துமுசியும் பாடும் காதல் பாடல்களில் அவள் தன் உடலை ஈரம் நிறைந்த நிலமாகச் சொல்லி, அதை உழப்போகிறவன் யார் என்று வெளிப்படையாகவே கேட்கிறாள். கேட்பவள் அவள், அழைப்பவள் அவள், விவரிப்பவளும் அவள். அந்தப் பாடல்களின் குரலை எடுத்துக்கொண்ட காட்சி தானாகவே தெய்வத்துக்குரியதாகிவிடும். இறக்கத்தைக் காமக் காட்சியாக்கினால் இரண்டும் கெடும்.

கட்டும் வேலைக்கு வருவோம். விஷுவல் நாவல் உருவாக்கும் ரென்பை மென்பொருளில் செய்வதாக வைத்துக்கொள்ளலாம், சிறு குழுக்கள் பெரும்பாலும் அதில்தான் வேலை செய்கின்றன. இனான்னாவை எட்டு நிலைகளில் தனித்தனிப் படமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு முகபாவம் வைத்தால் 48 படங்கள் வேண்டும். அடுக்குப் படமாகச் செய்தால் உடல் ஒன்று, அணிகலன் அடுக்கு ஏழு, முகம் ஆறு, மொத்தம் 14 துண்டுகள் போதும். வரிசை மாறாது என்பதால் அணிகலன்களின் 128 சேர்க்கைகளையும் சோதிக்கத் தேவையில்லை, எட்டைப் பார்த்தால் போதும். இங்கே கெடுவது இரண்டு இடங்களில். முதலாவது, தலையணிக்கு அடியில் இருக்கும் கூந்தலை வரையாமல் விடுவது. முதல் வாயிலிலேயே மண்டையில் ஓட்டை தெரியும். இரண்டாவது, கழுத்து மணிகளின் நிழலை உடல் அடுக்கிலேயே தீட்டிவிடுவது. மணிகள் போன பிறகும் நிழல் கழுத்தில் தங்கிவிடும். நிழலை எப்போதும் அதற்குரிய அணிகலன் அடுக்கிலேயே வைக்க வேண்டும்.

எந்த அணிகலன் மிச்சம் என்பதைக் குறிக்கும் மாறியை ‘டிஃபைன்’ என்று அறிவிக்காதீர்கள், ‘டிஃபால்ட்’ என்று அறிவியுங்கள். டிஃபைன் என்பது மாறாத மதிப்புக்கானது, விளையாட்டின் நடுவே மாற்றினாலும் அந்த மாற்றம் சேமிப்புக் கோப்புக்குள் போகாது. நான்காவது வாயிலில் சேமித்துவிட்டு மறுநாள் திறப்பவர், இனான்னா தலையணியோடு நிற்பதைப் பார்ப்பார்.

எழுத்தில் வேறொரு சிக்கல் உண்டு. மூலப் பாடல் ஏழு வாயிலுக்கும் கிட்டத்தட்ட அதே சொற்களைத் திரும்பச் சொல்கிறது. காதால் கேட்பவருக்கு அந்தத் திரும்பல் மந்திரம் போல ஏறும். திரையில் வாசிப்பவரோ மூன்றாவது வாயிலில் வேகப் பொத்தானை அழுத்திவிடுவார். அதனால் முதல் வாயிலுக்கு 800 சொற்கள் எழுதினால் நான்காவதற்கு 300, ஏழாவதற்கு நூறு என்று இறக்கிக்கொண்டே வர வேண்டும். வாயிற்காவலன் நேத்தியின் பதில் மட்டும் ஒரு எழுத்தும் மாறாமல் ஏழு முறையும் வரட்டும். சுற்றியுள்ளவை சுருங்கச் சுருங்க அந்த வாக்கியத்தின் கனம் கூடும்.

வாயிலுக்கு இரண்டு தெரிவு வைத்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை பிரித்தால் ஏழாவது வாயிலில் 128 பாதைகள் நிற்கும். யாராலும் எழுதி முடிக்க முடியாது. பாதையைப் பிரிக்காமல், அவள் எதை எதிர்ப்பின்றிக் கொடுத்தாள், எதற்குக் கேள்வி கேட்டாள் என்பதை மட்டும் குறித்துவைத்து, அக்காவின் முன் நிற்கும் காட்சியில் அந்தக் குறிப்புகளைப் பயன்படுத்தினால் போதும்.

வாயிலைத் தாண்டிய பிறகு சுட்டிச் சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டி இழந்ததைத் திரும்பப் பெற முடிந்தால் கதை அங்கேயே செத்துவிடும். பின்னோக்கிச் செல்வதைத் தடுக்கும் கட்டளை ரென்பையில் இருக்கிறது. அதை வாயில்களில் மட்டும் வையுங்கள். விளையாட்டு முழுவதும் வைத்தால், தவறிச் சொடுக்கி ஒரு வரியைத் தவறவிட்டவருக்குத் தண்டனையாகிவிடும். தடுப்பை முன்கூட்டிச் சொல்லவும் வேண்டும், இல்லையென்றால் பிழை என்று நினைப்பார்கள். சொல்வதற்குக் காவலனின் வாயைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

எதிரொலிப்பதே மீட்பு

இறக்கத்தின் இரண்டாம் பாதியை விளையாட்டுகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. விஷுவல் நாவலுக்கென்றே செய்து வைத்தது போன்ற காட்சி அங்கேதான் இருக்கிறது.

மூன்று பகல் மூன்று இரவு கழிந்ததும், இனான்னாவின் பணிப்பெண் நின்சுபூர் உதவி தேடிப் போகிறாள். மூத்த தெய்வம் என்லில் மறுக்கிறார், நிலாத் தெய்வம் நன்னா மறுக்கிறார். எரிது நகரின் தெய்வம் என்கி மட்டும் தன் நகத்தடி அழுக்கிலிருந்து இரண்டு உயிர்களைச் செய்து, உயிர்தரும் செடியையும் நீரையும் கொடுத்து அனுப்புகிறார். போகுமுன் விதியும் சொல்கிறார். எரெஷ்கிகல் பிள்ளை பெறுபவளைப் போல வலியில் முனகிக் கிடப்பாள். “ஐயோ, என் உள்ளே” என்றால் “ஐயோ, உங்கள் உள்ளே” என்று திருப்பிச் சொல்லுங்கள். மனம் இளகி ஆறு நிறைய நீர் தருவாள், வேண்டாம் என்னுங்கள். வயல் நிறையத் தானியம் தருவாள், வேண்டாம் என்னுங்கள். கொக்கியில் தொங்கும் உடலை மட்டும் கேளுங்கள்.

அவர்கள் சண்டையிடவில்லை, வாதாடவில்லை, புகழவும் இல்லை. அவள் வலியை அவள் சொற்களிலேயே திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவே. தெரிவுப் பட்டியலில் இதை வைப்பது எளிது. ஆறுதல் சொல்லும் வரி ஒன்று, அறிவுரை சொல்லும் வரி ஒன்று, அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லும் வரி ஒன்று. பழகிய வாசகர்கள் ஆறுதலைத்தான் அழுத்துவார்கள், அன்புப் புள்ளிக் கணக்கு அவர்களை அப்படித்தான் பழக்கியிருக்கிறது. அதனால் என்கி விதி சொல்லும் காட்சி, இந்தக் காட்சிக்குக் குறைந்தது பத்து நிமிட வாசிப்புக்கு முன்பே வந்திருக்க வேண்டும். விதி சொல்லப்படாமல் தண்டனை வந்தால் அது வெறும் புதிர். சொல்லப்பட்ட விதியை வாசகர் மறந்ததால் தண்டனை வந்தால், அதுதான் புராணம்.

நிராகரித்தவன் வாசிக்கும் பட்டியல்

உருக் அரசன் கில்கமேஷைப் பற்றிய மெசபடோமியக் காவியத்தின் ஆறாவது களிமண் பலகையில் இஷ்தார் அவனிடம் திருமணம் கேட்கிறாள். கில்கமேஷ் மறுத்து, அவளுடைய பழைய காதலர்களுக்கு நேர்ந்ததை வரிசையாகச் சொல்கிறான். துமுசிக்கு ஆண்டுதோறும் ஒப்பாரி. வண்ணப் பறவைக்கு ஒடிந்த சிறகு, காட்டில் நின்று “என் சிறகு” என்று கத்துகிறது. சிங்கத்துக்குக் குழிகள். குதிரைக்குச் சவுக்கு. இடையன் ஓநாயாக மாறித் தன் நாய்களாலேயே கடிபடுகிறான். தோட்டக்காரன் இஷுல்லானுவும் உருமாறிப் போகிறான்.

இதைவிடச் சிறந்த தோல்வி முடிவுகளின் பட்டியல் எங்கே கிடைக்கும்? ஆறு காதலர்களை ஆறு தோல்வி முடிவுகளாக வைத்து, வாசகர் அடைந்த ஒவ்வொன்றையும் நிரந்தரத் தரவில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விளையாடும்போது காட்டில் அந்தப் பறவையின் குரல் கேட்கட்டும். முந்தைய ஆட்டத்தில் தான் என்ன ஆனோம் என்பது வாசகருக்குத் தெரியும், கதாபாத்திரத்துக்குத் தெரியாது. கவனம் ஒன்று வேண்டும்: நிரந்தரத் தரவு எல்லாச் சேமிப்புகளுக்கும் பொதுவானது. பழைய சேமிப்பைத் திறப்பவருக்கும் பறவை கத்தும். அதையும் கணக்கில் வைத்தே காட்சியை எழுத வேண்டும்.

தெய்வம் பொய் சொல்லும்போது

வயதுவந்தோர் கதைகளில் சம்மதம் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது, தெய்வக் கதைகளில் அது இரட்டிப்பாகக் கனக்கும். ஹோமரின் பெயரால் வழங்கும், கிரேக்கக் காதல் தேவி அஃப்ரோதிதேயின் துதியில், தேவி ஆன்கைசஸ் என்ற மனிதனிடம் தான் ஃபிரிகிய அரசன் மகள் என்று பொய் சொல்லி அவனோடு படுக்கிறாள். அவன் தூங்கி எழுந்ததும் தன் உருவைக் காட்டுகிறாள். அவன் முகத்தை மூடிக்கொண்டு, என்னைச் செயலற்றவனாக வாழவிடாதே என்று கெஞ்சுகிறான். யாரிடமும் சொல்லாதே, சொன்னால் ஜீயஸின் இடி விழும் என்று விதி வைத்துவிட்டுப் போகிறாள்.

பலம் முழுக்க ஒரு பக்கம் இருக்கும் உறவு அது, துதி அதை மறைக்கவும் இல்லை. விளையாட்டில் இதைச் செய்தால் வாசகருக்குக் கதாநாயகனைவிடச் சற்று அதிகம் தெரிந்திருப்பதே நல்லது. அவள் நிழல் விழாமல் நடக்கிறாள் என்ற ஒரு வரி போதும். காட்சிக்கு முன் விலகிப் போகும் பாதை இருக்க வேண்டும், அதற்குத் தண்டனை கூடாது. காலைக் காட்சியைப் படுக்கைக் காட்சியைவிட நீளமாக எழுதுங்கள், துதியிலும் எடை அங்கேதான். ஏமாற்றத்தால் நிகழும் உறவு இருப்பதை விற்பனைப் பக்கத்தின் எச்சரிக்கையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கதைத்திருப்பம் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி மறைப்பது, காயம்பட்ட வாசகரைக் கதையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும்.

பாதாள அரசன் ஹேதிஸ் கவர்ந்து சென்ற பெர்செபோனே வேறு விதம். அவள் தாய் தெமேதரின் துதியில் கதைசொல்லி, உண்டவரைப் பாதாளத்தோடு பிணைக்கும் மாதுளை விதையை ஹேதிஸ் அவளுக்கு இரகசியமாகக் கொடுத்தான் என்கிறார். பின்னால் அவளே தாயிடம் சொல்லும்போது கட்டாயப்படுத்தி உண்ணவைத்தான் என்கிறாள். ஒரே நிகழ்வுக்கு இரண்டு வாக்குமூலங்கள், துதி தீர்ப்புச் சொல்லாமல் நகர்கிறது. பாதைகள் உள்ள கதைக்கு இது பெரிய கொடை. தாயின் பாதையில் ஒன்றும் கணவனின் பாதையில் ஒன்றும் காட்டிவிட்டு, எது உண்மை என்று எங்கேயும் எழுதாமல் விட்டுவிடலாம்.

712-இல் முடிக்கப்பட்ட ஜப்பானியப் புராண நூலான ‘கோஜிகி’யில் திரும்ப விளையாடுவதே கதையில் இருக்கிறது. படைப்புத் தெய்வத் தம்பதியான இசனகியும் இசனமியும் தூணைச் சுற்றி வந்து சந்திக்கிறார்கள், இசனமி முதலில் பேசிவிடுகிறாள், பிறந்த குழந்தை சரியாக அமையவில்லை. மூத்த தெய்வங்களிடம் கேட்டு, மறுபடி தூணைச் சுற்றி, இம்முறை அவன் முதலில் பேசுகிறான். பெண் முதலில் பேசியதே குற்றம் என்ற அந்தத் தீர்ப்பை இன்று அப்படியே எழுதிவைக்க முடியாது. இரண்டாம் சுற்றில் வாயடைத்து நடக்கும் இசனமியின் மனதுக்குள்ளிருந்து எழுதினால், அதே காட்சி அவளுடையதாகும்.

பழமை என்று நம்பப்படும் புதுமைகள்

லிலித் சுமேரியப் பெண்தெய்வம் என்று எழுதும் விளையாட்டுகள் நிறைய. மெசபடோமியாவில் அந்தப் பெயரின் உறவுச் சொற்கள் பேய்களைக் குறித்தன. ஆதாமின் முதல் மனைவி என்ற கதை இடைக்கால யூத நூலொன்றில்தான் விரிவாக வருகிறது. சிறகும் பறவைக் கால்களும் கொண்டு ஆந்தைகளின் நடுவே நிற்கும் புகழ்பெற்ற சுடுமண் பலகையைப் பலர் லிலித் என்றே வரைகிறார்கள். 2003-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிய அந்தப் பலகை இஷ்தாராகவோ எரெஷ்கிகலாகவோ இருக்கலாம் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. கன்னி, தாய், கிழவி என்ற முத்தேவி வடிவத்தைப் பரப்பியவர் 20-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ். பாபிலோனியக் கோயிலில் எல்லாப் பெண்களும் வாழ்நாளில் ஒருமுறை அந்நியனோடு படுக்க வேண்டும் என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது, பாபிலோனியர்களின் சொந்த ஆவணங்கள் அதை உறுதிப்படுத்தவில்லை.

இவற்றைக் கதையில் வைக்கவே கூடாது என்பதில்லை. விளையாட்டுக்குள் இருக்கும் சொல்விளக்கப் பக்கத்தில் இது பிற்காலக் கதை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இனான்னாவைத் தாய்த்தெய்வமாக்குவது மட்டும் கதையையே உடைக்கும். பாடல்களில் அவள் காமத்துக்கும் போருக்கும் உரியவள், தாய்மை அவளுடைய முகம் இல்லை.

தெய்வத் தேர்விலும் பொறுப்பு உண்டு. இனான்னாவுக்கு இடையறாத வழிபாட்டு மரபு இன்று இல்லை. இன்றும் மக்கள் அன்றாடம் விளக்கேற்றிக் கும்பிடும் தெய்வத்தைப் பாலியல் காட்சியில் வைப்பது வேறு விஷயம், புதிய பெயரும் புதிய கதையும் படைப்பதே அங்கே மரியாதை. வயதைப் பற்றித் தயக்கமே கூடாது. ஆயிரம் ஆண்டு வாழ்ந்தவள் என்று எழுத்தில் சொல்லிவிட்டுச் சிறுமி உடலை வரைவதை எந்தப் புராணமும் நியாயப்படுத்தாது. முகம், உடல், நடத்தை மூன்றும் வளர்ந்த பெண்ணுடையதாக இருக்க வேண்டும்.

முடிவை எப்படி அமைப்பது

இறக்கத்தின் முடிவிலும் விலைதான். பாதாளத்திலிருந்து யாரும் சும்மா மேலேற முடியாது, மாற்று ஆள் வேண்டும். காவல் பேய்கள் இனான்னாவோடு மேலே வருகின்றன. நின்சுபூரைக் கேட்கின்றன, வேறு இரு தெய்வங்களான ஷாராவையும் லுலாலையும் கேட்கின்றன. மூவரும் துக்கம் காத்துப் புழுதியில் விழுகிறவர்கள், அவள் விட மறுக்கிறாள். பிறகு குலபா சமவெளியில் பெரிய ஆப்பிள் மரத்தடியில் கணவன் துமுசி நல்ல ஆடை உடுத்தி அரியணையில் அமர்ந்திருக்கிறான். அவனைக் கொடுத்துவிடுகிறாள். கடைசியில் அவனுக்கு அரை ஆண்டு, அவன் தங்கை கெஷ்தினன்னாவுக்கு அரை ஆண்டு என்று பாதாளம் பங்கிடப்படுகிறது.

வாசகர் நடத்தும் பாத்திரம் துமுசியாக இருந்தால், கடைசித் தெரிவு எதையும் தீர்மானிக்கக் கூடாது. இனான்னா இல்லாத மூன்று நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதை விளையாட்டு முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும்: விருந்துக்குப் போனாரா, நின்சுபூரின் அழுகையை நின்று கேட்டாரா, அரியணையில் அமர்ந்து பார்த்தாரா. அந்த நாட்களில் வரும் தெரிவுகள் சாதாரணமாகத் தோன்ற வேண்டும், எந்த மணியும் அடிக்கக் கூடாது. மூன்றிலும் அவர் துக்கம் காத்திருந்தாலும் பேய்கள் வெறுங்கையோடு திரும்பாது, வேறு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டும். அது யார் என்று வாசகர் பார்க்கட்டும்.

அரை ஆண்டுப் பங்கீட்டை முகப்புத் திரையில் காட்ட ஒரு வழி இருக்கிறது. ரென்பை பைதான் மொழியில் இயங்குவதால் கணினியின் தேதியைப் படிக்க முடியும். கதையை முடித்தவருக்கு ஆறு மாதம் துமுசி இல்லாத வெற்று அரியணையும், அடுத்த ஆறு மாதம் கெஷ்தினன்னா இல்லாத வீடும் தெரியும்படி செய்யலாம். தேதி வாசிக்க முடியாமல் போனால் காட்டுவதற்கென்று மூன்றாவது படம் ஒன்றையும் வைத்துவிடுங்கள். வெளியிடும் முன் கணினித் தேதியைக் கையால் மாற்றி, இரண்டு பருவங்களும் மாறும் நாட்களில் ஒருமுறை திறந்து பாருங்கள்.